பக்கத்து அறைக்கு நகர்ந்த நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அன்றே பதில் சொல்லியிருக்கலாம், மகனே. முடியவில்லை. அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, நம் பேச்சைக் கேட்கவில்லை என்று காட்ட பேப்பரை விரித்து வைத்திருந்தார். "அங்க மழையான்னு கேளு" என்றார். கேட்டேன். "இல்லன்னு சொல்லும்மா" என்றாய். சொன்னேன். "குடை வச்சிருக்கானான்னு கேளு." கேட்டேன். இப்படியே போனது. அதனால் எழுதுகிறேன்.

எழுதி அனுப்புகிறேன் என்றதும், அதை நர்சரி ஆசிரியர் பயிற்சி வகுப்பில் கூடப் படிக்கிறவர்களுக்கும் படித்துக் காட்டலாமா என்று கேட்டாய். காட்டு. அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டிவரும். பொறுத்துக்கொள்.

உன் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சென்னையில் உன்னைப் பயிற்சிக்கு அனுப்பிய நர்சரியில் மாம்பி என்று ஒரு சிறுமி. நான்கு வயது. அப்பா ஏதோ ஓட்டல் சமையலறையில் வேலை செய்கிறவர், வங்காளத்தில் மேதினிபூர் பக்கத்து ஆள். பள்ளி திறந்ததிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. அவளுடைய டிபன் டப்பாவில் என்ன இருக்கிறது என்று நீ வங்காளத்தில் கேட்டாய். அவள் உன் காதருகே வந்து "டிம்" என்றாள். முட்டை. அன்றிலிருந்து உன் காது அவளுடையது. அவள் காதில் சொல்வதை நீ வகுப்புக்கு உரக்கச் சொல்கிறாய். மாம்பிக்குச் சிவப்பு க்ரேயான் வேண்டுமாம். மாம்பி வீட்டில் பூனை இருக்கிறதாம். அங்குள்ள மிஸ் எல்லோரும் உன்னைப் பாராட்டுகிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையோடு உன் பயிற்சி அந்தப் பள்ளியில் முடிகிறது. "நான் போனப்புறம் அவ யார் காதுல பேசுவா, அம்மா?" என்றாய்.

உனக்கு அது தோன்றியதே போதும். பாதி வேலை அதில் இருக்கிறது. மீதியைச் சொல்ல, உன்னைப் பற்றியே பேச வேண்டும்.

உனக்கு மூன்றரை வயதில் நாம் இங்கே வங்காளத்திலேயே, கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பை விட்டு லேக் கார்டன்ஸுக்கு வாடகைக்கு வந்தோம். குடியிருப்பில் நம் மாடிப்படியில் ஏறினால் இறங்கினால் தமிழ், இல்லையென்றால் தெலுங்கு. நீ ஓயாமல் பேசுவாய். தூக்கத்தில்கூடப் பேசுவாய். புது வீட்டில் நான்கு தளத்துக்கும் நாம்தான் தமிழர்கள். தெருமுனையில் அஞ்சுதியின் நர்சரி. ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம், சிவப்புச் சிமெண்டுத் தரை, பச்சை மரச்சட்டம் போட்ட சன்னல்கள், முற்றத்தில் ஒரு குழாய். குழந்தைகள் அவரை அஞ்சுதி என்றார்கள், பெற்றோரும் அஞ்சுதி என்றார்கள், காய்கறிக்காரரும் அஞ்சுதி என்றார். அஞ்சு அக்கா என்று பொருள். அங்கே சேர்ந்த அன்று உன் வாய் மூடியது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது திறந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

நான் தத்துவத்தில் எம்.ஏ. மொழிக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள். எனக்குத் தெரிந்த வங்காளம் வெண்டைக்காய் வாங்கப் போதும். அஞ்சுதி என்னைக் கூப்பிட்டு, சில நாள் வகுப்பில் வந்து உட்காருங்கள், அவன் என்ன கேட்கிறான் என்று எங்களுக்குச் சொல்லுங்கள் என்றார். அவர் ஹிந்தி கலந்த வங்காளத்தில் பேசியதை எல்லாம் நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

கதவோரம் ஒரு மர நாற்காலி. அதில் உட்கார்ந்தேன். நீ வந்து என் காதில் சொல்வாய். நான் என் உடைந்த வங்காளத்தில் எல்லோருக்கும் சொல்வேன். குழந்தைகள் என் வங்காளத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில நாள் என்பது துர்கா பூஜை விடுமுறையைத் தாண்டி ஓடியது. "நீயே அட்மிஷன் போட்டுக்க, யூனிஃபார்ம் நான் வாங்கித் தாரேன்" என்று அப்பா கேலி செய்தார்.

அந்த வகுப்பில் பாப்லு என்று ஒருவன். வீட்டில் நாய் வளர்க்கிறவன். ஒருநாள் உன் முன்னால் வந்து நின்று, "உன் பேர் என்ன?" என்று கேட்டான். நீ என்னைப் பார்த்தாய். நான் சொன்னேன். "உங்க வீட்டில் நாய் உண்டா?" நீ என்னைப் பார்த்தாய். இல்லை என்றேன். பாப்லு ஒரு கணம் உன்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு ஒரு முக்காலியை இழுத்துவந்து என் எதிரில் போட்டு, உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் நாயின் கதை முழுவதையும் என்னிடம் சொல்லத் தொடங்கினான். நாய் செருப்பைத் தின்றது. நாய்க்கு ஊசி போட்டார்கள். நாய் தாத்தாவின் கட்டிலில்தான் தூங்கும். நீ அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாய்.

பேசுவதற்கு ஆள் யார் என்று அவன் கண்டுபிடித்துவிட்டான். அது நீ இல்லை.

அன்று எல்லோரும் போனபின் அஞ்சுதி சிரித்தார். "பாப்லுவுக்கு நல்ல தோழி கிடைத்திருக்கிறாள். வயதுதான் கொஞ்சம் கூட." பிறகு சிரிக்காமல் சொன்னார்: "நீங்கள் நல்ல வாய். ஆனால் அவனுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது."

எனக்குக் கோபம் வந்தது. கூப்பிட்டதே நீங்கள்தானே என்றேன். "ஆமாம். கூப்பிட்டது நான்தான். அனுப்புவதும் நான்தான்" என்றார். பக்கத்து அறையில் இரண்டு வயதுக்காரர்கள் இருந்தார்கள். ஆயா தனியாகத் திணறிக்கொண்டிருந்தார். என் நாற்காலி அங்கே போகட்டும் என்றார். சரி, அவன் தண்ணீரில் விளையாடும்போது மெல்ல நழுவிவிடுகிறேன் என்றேன். அஞ்சுதி கையை வீசி மறுத்தார். "திருடி மாதிரிப் போகக் கூடாது. ஒருமுறை அப்படிப் போனால், பிறகு அவன் விளையாடவே மாட்டான். கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனிடம் சொல்லுங்கள். உங்கள் மொழியில் சொல்லுங்கள். நாற்காலியை அவனும் தூக்கட்டும்."

இதை உன் வகுப்புத் தோழர்கள் குறித்துக்கொள்ளட்டும். வாசலில் குழந்தையை விட்டுவிட்டு, அது பொம்மையைப் பார்க்கும் நேரத்தில் மறைந்துபோகும் பெற்றோரை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். அழுகை குறைகிறது என்பார்கள். குறையும். கூடவே விளையாட்டும் குறையும். கண்ணெதிரே விடைபெற்றுப் போனவர்தான் திரும்பி வருவார் என்று குழந்தை நம்பும். போவதை அது பார்க்க வேண்டும். அழட்டும். அழுகிற குழந்தையின் பக்கத்தில் உட்காரத்தான் உங்களுக்குச் சம்பளம்.

அம்மா அந்த ரூமில் இருப்பேன், பெல் அடித்ததும் வந்து கூட்டிப்போவேன் என்று உன்னிடம் சொன்னேன். நாற்காலியின் ஒரு காலை நீ பிடித்துக்கொண்டாய். இருவரும் தூக்கிப் போனோம். அங்கே வைத்தபிறகுதான் உனக்கு விஷயம் புரிந்தது. அழுதாய். அஞ்சுதி உன்னைத் தூக்கவில்லை, வாயை மூடு என்றும் சொல்லவில்லை. தரையில் உன் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டிவலிக்காரர், உட்கார்ந்தால் எழ இரண்டு பேர் வேண்டும். அழுது முடியும்வரை அங்கேயே இருந்தார்.

அதற்குப்பின் எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவர் வழியாகக் கேட்டதுதான். அஞ்சுதி உன்னிடம் கேள்வியே கேட்கவில்லை. இது என்ன, அது என்ன நிறம், சொல்லு, சொல்லு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பேசாத குழந்தையைக் கேள்வியால் குடைவதுதான் எல்லோரும் செய்வது, நானும் செய்திருப்பேன். அவர் நீ செய்வதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஊற்றுகிறான். நிறைந்துவிட்டது. ஐயோ, வழிகிறது. துணி எங்கே?" பிறகு ஓர் இடைவெளி. நீ நிரப்ப வேண்டிய இடைவெளி இல்லை. சும்மா ஓர் இடைவெளி. தண்ணீர்த் தொட்டியை நகர்த்த இரண்டு பேர் வேண்டும் என்பதால் உன்னையும் பாப்லுவையும் அனுப்புவார். தொட்டியைத் தூக்கப் பேச்சு வேண்டாம். ஆனால் இருவரும் ஒரே திசையில் நடக்க வேண்டும்.

நீ வீட்டில் குளிக்கும்போது ஒருநாள் உள்ளிருந்து வங்காளம் கேட்டது. அஞ்சுதியின் குரலில், அவருடைய ஏற்ற இறக்கத்தோடு, குவளையிடம் முழு வாக்கியங்கள் பேசிக்கொண்டிருந்தாய். கதவுக்கு வெளியே ஈரத் துண்டோடு நின்றேன். மறுநாள் காலை ஓடிப்போய் அஞ்சுதியிடம் சொன்னேன், வகுப்பில் ஒருமுறை சொல்லவைக்கலாமே என்றேன். "குளியலறையில் அவன் சொன்னதை இங்கே கேட்காதீர்கள். அது அவனுடையது. கொண்டுவர வேண்டும் என்று அவனுக்குத் தோன்றும்போது கொண்டுவருவான்." பேசாத மாதங்கள் காலி மாதங்கள் இல்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. புது மொழிக்குள் வரும் குழந்தை முதலில் காதை நிரப்பிக்கொள்கிறது. இதைப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறார்கள். நான் பிறகு படித்தேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எழுத்துச் சண்டையும் நடந்தது. விஜயதசமி அன்று அப்பா உன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைத்தார். சரி. மறுநாளே ஸ்லேட் வாங்கிவந்து தமிழ், ஆங்கிலம் இரண்டையும் ஆரம்பித்தார். இங்கே குழந்தைகள் தை, மாசியில் வரும் சரஸ்வதி பூஜை அன்றுதான் முதன்முதலில் சாக்பீஸைப் பிடிப்பார்கள். பூஜைக்கு நர்சரிக்கு வந்த அப்பா, மஞ்சள் உடுப்பில் வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அஞ்சுதியிடம் பெருமையாகச் சொன்னார், எங்கள் பையன் நாலு மாதம் முன்னாலேயே தொடங்கிவிட்டான் என்று. "அப்படியா? அப்போ அவனுக்கு நாலு மாதம் கூடுதலாகக் கை வலித்திருக்கும்" என்றார் அஞ்சுதி. அப்பா அன்று கிச்சடிப் பிரசாதத்தை இரண்டாம் முறை வாங்கவில்லை. ஆனால் ஸ்லேட்டை எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டார். நர்சரியில் நீங்கள் பட்டாணி உரித்தீர்கள், மாவு பிசைந்தீர்கள், ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்தீர்கள். பென்சில் பிடிக்கும் விரல்கள் அங்கேதான் உருவாயின. எப்போது எழுதவைப்பது என்று பெற்றோர் உங்களைக் கேட்பார்கள். ஒரு பட்டாணிக்காயைக் கொடுத்து, இதை உரிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

பூஜை முடிந்து சில வாரங்கள். வெயில் ஏறிய ஒரு காலை. பக்கத்து அறையில் என் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் தண்ணீர்ச் சத்தம். ஒரு சிவப்புக் குவளை இருந்ததே, உனக்கு நினைவிருக்காது, கைப்பிடி உடைந்தது, எல்லோருக்கும் அதுதான் வேண்டும். பாப்லு அதை உன் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறான். சத்தம் நின்றது. நீ இப்போது கதவைப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் உனக்காகச் சொல்ல வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. என் வங்காளம் அதற்குள் தேறியிருந்தது.

"ஏட்டா ஆமார்!" என்று கேட்டது. இது என்னுடையது. "தேபோ நா!" தரமாட்டேன்.

உன் குரல். அவ்வளவு சத்தமாக நீ தமிழில்கூடக் கத்தியதில்லை. பாப்லு குவளையை விட்டுவிட்டு, "அஞ்சுதி! பேசுறான்! இவன் பேசுறான்!" என்று கூவினான். எல்லாக் குழந்தைகளும் ஓடினார்கள். அஞ்சுதி கைதட்டவில்லை. சாக்லேட் கொடுக்கவில்லை. "அவனுடையது என்கிறான், கேட்டாயா? எப்போது முடியும் என்று கேள். முடிந்ததும் உனக்குத் தருவான்" என்றார் பாப்லுவிடம். அவ்வளவுதான். நீ தினமும் பேசுகிறவன் போலவே நடந்துகொண்டார். தண்ணீர்ச் சத்தம் மறுபடி தொடங்கியது.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. மடியில் குழந்தை இருந்தது ஒரு சாக்கு. அதற்குப்பிறகு எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன், பயிற்சிக்கும் போய்ச் சான்றிதழ் வாங்கினேன், அதே நர்சரியில்தான் இன்னும் இருக்கிறேன். அந்தக் காலையில் எழாமல் இருந்ததைவிடக் கடினமான பாடம் எதையும் நான் நடத்தவில்லை.

இனி மாம்பி.

உனக்கு இருப்பது கொஞ்ச நாள். இன்றைக்கே தொடங்கு. அவளிடம் வங்காளத்திலேயே சொல்: நான் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரமாட்டேன். சின்னக் குழந்தைக்கு என்ன புரியும் என்று கடைசி நாள்வரை மறைத்து வைக்காதே. தண்ணீர், கழிப்பறை, வலி, பயம் இவற்றை அவள் காதில் சொன்னால் உடனே செய். தேவையைப் பாடமாக்காதே. அந்த வகுப்பு மிஸ்ஸுக்கு இந்தச் சொற்களை வங்காளத்தில் கற்றுக்கொடு. அவர் தப்பாக உச்சரிக்கட்டும், மாம்பி கேட்கட்டும். க்ரேயானும் பூனையும் வேறு. அவற்றை நீ அறிவிக்காதே. "கவிதாகிட்ட கேளு" என்று, அதே வகுப்பில் இருக்கும் கவிதாவின் பக்கம் கையைக் காட்டு. மாம்பி போகமாட்டாள். பரவாயில்லை. சிவப்பு க்ரேயானைக் கவிதா பக்கத்தில் வை. உன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப்போடு. நாளைக்கு இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் அவளிடம் சொல்லிவிட்டுத் தள்ளு.

அவளுடைய அம்மாவைப் பார்த்தால், வீட்டிலும் தமிழ் பேசுங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அது வேண்டாம் என்று சொல். வீட்டில் வங்காளம் நிறையப் பேசட்டும். ஒரு மொழியில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த குழந்தைக்கு இரண்டாவது மொழியில் சொற்கள்தான் புதிது. கதை புதிதில்லை.

இன்னொன்று. பிள்ளைகளிடம் நீ "தண்ணி சாப்பிடுங்க" என்று சொல்லி, "சார் தண்ணியச் சாப்பிடச் சொல்றாரு" என்று வகுப்பே உருண்டு சிரித்தது என்றாய். உனக்கு வெட்கமாக இருந்தது என்றாய். வங்காளத்தில் தண்ணீரையும் சாப்பிடத்தான் செய்வார்கள். உன் தமிழ் அந்த வழியில் வந்த தமிழ். திருத்திக்கொள்ள அவசரப்படாதே. மாம்பி முன்னால் தப்பாகப் பேசு, பிள்ளைகள் திருத்தட்டும், நீயும் சேர்ந்து சிரி. பெரிய ஆள் ஒருவர் தப்பாகப் பேசிவிட்டு உயிரோடு இருக்கிறார் என்பதை அவள் பார்க்க வேண்டும். என் உடைந்த வங்காளத்துக்கு நீ அப்படித்தான் சிரித்தாய். அதில் ஏதோ ஒன்று உனக்கும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். தெரியாது.

வெள்ளிக்கிழமைக்குள் அவள் பேசாமலும் போகலாம். நீ கேட்காத நாளில், நீ இல்லாத வகுப்பில், க்ரேயானுக்காக யாரையாவது திட்டுவாள். உனக்குத் தகவல்கூட வராது. இந்த வேலையில் அப்படித்தான்.

இப்போது நம் வீடு.

நீ செக்டர் ஃபைவ் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டு இந்தப் பயிற்சிக்குப் போகிறேன் என்றபோது அப்பா கேட்டது உனக்கு மறந்திருக்காது. "ஆம்பளப் புள்ள, மூக்குச் சளி தொடைக்கவாடா இன்ஜினியரிங் படிக்க வச்சேன்?" நீ பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய். அன்றிலிருந்து அவர் உன்னிடம் பேசவில்லை, நீயும் பேசவில்லை. பேசாமலும் இல்லை. எல்லாம் என் காது வழியாக. மழையா. குடை இருக்கா. மெஸ்ஸில் சாம்பார் எப்படி. அப்பா முட்டிக்கு மருந்து போடுறாரா. நான் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் நல்ல வாயாக இருந்துவிட்டேன். உன் வெள்ளிக்கிழமைக் கேள்வியைக் கேட்டபிறகு, போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்கிறார்: "அந்தப் புள்ள அப்புறம் யார்ட்ட பேசும்?" எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அவன்ட்டயே கேளுங்க" என்றேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அவர் குழந்தை இல்லை. நீயும் இல்லை. நாற்காலி மட்டும் அதே நாற்காலி.

அவரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன், காபி குடித்துக்கொண்டிருந்தபோது, முகத்தைப் பார்த்து. ஞாயிறு மாலை நீ கூப்பிடும் நேரத்தில் நான் ஏரிக்கரைக்கு நடக்கப் போகிறேன், என் போன் மேசைமேல் இருக்கும். "நான் எடுத்து என்னத்தப் பேச?" என்றார். தெரியலையே என்றேன். "நீ எப்ப வருவ?" என்றார். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றேன்.

உனக்கும் முன்கூட்டியே சொல்கிறேன். வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு. போன் அடிக்கும். அவர் உடனே எடுக்கமாட்டார். டிவியின் சத்தத்தைக் குறைப்பார், பேப்பரை மடிப்பார், கண்ணாடியைத் தேடுவார்.

வைத்துவிடாதே.

அம்மா